துவக்குக்கு எந்த வார்? வட்டைக் காவலுக்கும் சுடுதளத்துக்கும் புதிதாக வருகிறவர்களுக்கு

வட்டைக் காவலுக்கென்று, அதாவது வயல்வெளியில் வேளாண்மையைக் காப்பதற்கென்று, புதிதாகத் துவக்கு அனுமதிப்பத்திரம் எடுத்தவர்களும், சுடுதல் கழகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளும் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த வார் நல்லது?" அதற்குப் பதில் சொல்லுமுன் நான் கேட்பதும் ஒன்றுதான்: உங்களுக்கு வார் வேண்டியிருப்பது துவக்கைச் சுமக்கவா, குறி ஆடாமல் சுடவா?

இரண்டும் வேறு வேலை. சுமக்கும் வார் தோளில் அகலமாகப் பதிய வேண்டும், நழுவக் கூடாது, சத்தம் போடக் கூடாது, ஒரு கணத்தில் கழன்று வர வேண்டும். சுடுவதற்கான வார் தோளுக்கே போவதில்லை. அது மேற்கையைச் சுற்றிப் பிடித்து, துவக்கின் பாரத்தைத் தசையிலிருந்து எலும்புக்கு மாற்றுகிறது. அதற்கு அகலமும் பஞ்சும் தேவையில்லை; இழுபடாமல் இருந்தால் போதும். கடையில் "எல்லாத்துக்கும் சரிவரும்" என்று ஒன்றைக் கையில் தந்தால், அது எதற்கும் முழுதாகச் சரிவராது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் துவக்கு வைத்திருப்பது 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டது. அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், துவக்கு வெளியே போகும்போது பத்திரமும் கூடவே போக வேண்டும், பத்திரத்தில் பெயர் உள்ளவரைத் தவிர வேறொருவர் தோளில் அது ஏறக் கூடாது. மிருகம் தட்டினால் தானே வெடிக்கும்படி கட்டி வைக்கும் கட்டுத்துவக்குக் கட்டுகிறவர்களுக்கு இந்தக் கட்டுரையில் எதுவும் இல்லை. அது எங்கள் ஆட்களின் காலையும் உயிரையும் எடுக்கிற சாமான்.

முதலில் துவக்கைப் பாருங்கள்

வாரைத் தேடிக் கடைக்குப் போகுமுன், துவக்கைத் திறந்து, தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, வார் மாட்டுவதற்கு அதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வயல்காரர்களிடம் உள்ளவை பெரும்பாலும் 12 போர் சொட்கன், ஒற்றைக்குழல் அல்லது இரட்டைக்குழல். பழைய ஒற்றைக்குழல் பலவற்றில் வளையமே இருக்காது. சில இரட்டைக்குழலில் குழல்களுக்கு அடியில் ஒரு சிறு கண்ணி பற்றவைத்திருக்கும், பிடங்கின் (தோளில் வைக்கும் பின்கட்டையின்) அடியில் ஒரு திருகாணி வளையம் இருக்கும். பம்ப் சொட்கன் என்றால் முன் வளையம், தோட்டாக்கள் நிற்கும் மகசீன் குழாயின் மூடியில் வரும்.

வளையம் இருந்தால் அதன் உள்ளகலத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வேட்டைத் துவக்குகளில் அதிகம் காண்பது 1 அங்குலம், இராணுவ வகை றைபிள்களில் ஒன்றேகால் அங்குலம். ஒன்றேகால் அங்குல வாரை ஒரு அங்குல வளையத்துக்குள் மடித்துத் திணித்தால், மடிப்பில் தேய்ந்து அங்கேதான் முதலில் அறும்.

வளையம் இல்லையென்றால், இரண்டு பக்கமும் தடம் (சுருக்கு) போட்டு மாட்டும் தோல்வார் இருக்கிறது. ஒரு தடம் குழலில், முன்கட்டைக்கு (குழலுக்கு அடியில் கை பிடிக்கும் கட்டைக்கு) சற்று முன்னால் இறுகும். மற்றது பிடங்கின் ஒடுங்கிய இடத்தில் இறுகும். துவக்கில் ஒரு துளையும் போட வேண்டியதில்லை என்பதால் புதியவர்களுக்கு இதையே முதலில் சொல்வேன். பிடங்கில் திருகாணி வளையம் போட வேண்டுமானால் அனுமதி பெற்ற துவக்குத் திருத்துநரிடம் கொடுங்கள். பழைய மரத்தில் சரியான துளை போடாமல் திருகாணியை முறுக்கினால் பிடங்கு வரிவரியாக வெடிக்கும். குழலில் மட்டும் யார் சொன்னாலும் வெல்டிங் வைக்க விடாதீர்கள். சூட்டில் உருக்கின் பதம் மாறினால், அடுத்த வெடியின் அமுக்கத்தைத் தாங்க வேண்டியது அந்த இடம்தான்.

வட்டைக் காவலுக்கு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம், வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி வட்டைகளில் இரவுக் காவல் இருந்தவர்களுக்குத் தெரியும், துவக்கைக் கையில் பிடித்திருக்கும் நேரம் மிகக் குறைவு. கையில் டோர்ச் லைட் இருக்கும், வாய்க்கால் உடைத்தால் மண்வெட்டி வரும், யானை இறங்கிவிட்டால் யானைவெடி வரும். யானைக்கு முன்னால் துவக்கு எதற்கும் உதவாது. யானையைச் சுடுவது பெருங்குற்றமும்கூட. அந்த நேரம் வேண்டியது இரண்டு வெறுங்கையும் ஓட இடமும்தான். அதனால் இங்கே வாரின் முதல் வேலை துவக்கைத் தோளில் அசையாமல் வைத்திருப்பது, தேவைப்பட்டால் சிக்காமல் இறங்கித் தருவது.

ஒற்றைக்குழல் 12 போர் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று கிலோ வரும். முதல் அரைமணி நேரத்தில் அது பெரிய பாரமாகத் தெரியாது. விடியுமுன் ஒரு அங்குல நைலோன் வார் தோளெலும்பில் கோடு கிழித்திருக்கும். தோளில் படும் பகுதி இரண்டு முதல் இரண்டரை அங்குலம் அகலமாக இருந்து, இரு முனையும் ஒடுங்கி வளையத்துக்குப் போகும் வகைதான் இதற்கு நல்லது. உட்பக்கம் சொரசொரப்பாக இருக்க வேண்டும்: மெருகு போடாத தோலின் உட்புறம், அல்லது றப்பர் நூல் ஓடிய நெசவு. வழுவழுப்பான நைலோன், வேர்வையும் பனியும் பட்ட சேட்டில் நிற்காது. தோளை உயர்த்தி உயர்த்தியே கழுத்து நொந்துபோகும்.

சத்தத்தைப் பற்றிப் புதியவர்கள் யோசிப்பதே இல்லை. வளையமும் பக்கிளும் இரும்போடு இரும்பு முட்டும் ஒலி, இரவில் வரம்பின் அடுத்த முனைக்குக் கேட்கும். உன்னிச்சைப் பக்கம் காவல் இருக்கும் ஒரு பெரியவர் காட்டுப்பன்றியைப் பற்றிச் சொல்வார்: "மனே, வார் கிலுங்கினா பண்டி உன்ர வட்டைக்கு வராது, பக்கத்து வட்டைக்குப் போயிரும். அவனும் நம்மட ஆள்தானே." அவர் வளையங்களில் பழைய சைக்கிள் டியூபை மோதிரம் போல வெட்டி இழுத்து மாட்டியிருப்பார். அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பட்டென்று பிரியும் வெல்க்ரோ ஒட்டு உள்ள வாரைக் காவலுக்கு வாங்கவே வேண்டாம்.

நீளத்தை வாங்கிய பிறகு பார்க்கக் கூடாது, வாங்குமுன் பார்க்க வேண்டும். ஒரு கயிற்றை இரண்டு முனையிலும் கட்டி, வெறுந்துவக்கைத் தோளில் போட்டு, வீட்டு முற்றத்தில் நடந்து பாருங்கள். குனியும்போது குழல் தலையில் இடிக்கிறதா, நடக்கும்போது பிடங்கு பின்தொடையில் அடிக்கிறதா, மழைக்கோட்டுப் போட்டாலும் கை நுழைகிறதா என்று பார்த்து, முடிச்சை மாற்றி மாற்றிச் சரியான அளவைப் பிடியுங்கள். பிறகு அந்தக் கயிற்றைக் கழற்றி அளந்து, அதைவிட நாலைந்து அங்குலம் கூட்டவும் குறைக்கவும் இடமுள்ள வாரை வாங்குங்கள். காவற்புரைக்குப் போகும் வழியில் துவக்கைக் குறுக்கே முதுகில் போட வேண்டி வரும், அப்போது அந்தக் கூடுதல் நீளம் தேவைப்படும்.

குழல்வாய் மேலா, கீழா?

வார் வாங்குவதைவிட முக்கியமான இடம் இது. அவசரப்படாமல் படியுங்கள்.

குழல்வாய் மேலே பார்க்கத் தோளுக்குப் பின்னால் தொங்கவிடுவது பொதுவான முறை. பற்றைக்குள் நடந்தால் கிளையில் கொளுவும், மாரி மழையில் குழலுக்குள் தண்ணீர் இறங்கும். அதனால் சிலர் குழல்வாயைக் கீழே விட்டுத் தொங்கவிடுகிறார்கள். காட்டுப் பாதையில் அது நல்ல முறைதான். ஆனால் எங்கள் வயலில் அதற்கு ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. மழை ஊறிய வரம்பில் கால் வழுக்கி ஒரு பக்கம் சரிந்தால், முதலில் சேற்றைக் குத்துவது குழல்வாய். எழும்பிப் பார்த்தால் வெளியில் ஒரு பூச்சுச் சேறுதான் தெரியும். உள்ளே இரண்டு விரல் ஆழத்துக்கு களி அடைத்திருக்கும். அடைத்த குழலில் வெடி வைத்தால், போக வழியில்லாத அமுக்கம் குழலைப் பிளக்கும். முன்கட்டையைப் பிடித்திருக்கும் கை அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

அதனால் வரம்பில் நடக்கும்போது குழல்வாய் மேலே இருக்கட்டும். விழுந்தாலோ, வாய் எங்காவது குத்துப்பட்டதோ என்று சந்தேகம் வந்தாலோ, அப்படியே நின்று துவக்கை முறித்துத் திறந்து தோட்டாவை எடுங்கள். பின்பக்கத்திலிருந்து குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். வட்டமான வெளிச்சம் முழுதாகத் தெரிந்தால் சரி. ஒரு ஓரம் கறுத்திருந்தாலும் கம்பி விட்டுத் துடைக்கும்வரை அது துவக்கு இல்லை, வெறும் இரும்பு. வெடி வைத்து அடைப்பை எடுக்கலாம் என்று ஒருபோதும் நினைக்காதீர்கள்.

வாரில் துவக்கு தொங்குகிறது என்பதற்காக அது பாதுகாப்பாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பரண் ஏறுமுன், வேலி தாண்டுமுன், மோட்டார் சைக்கிளில் ஏறுமுன் தோட்டாவை வெளியே எடுங்கள். தோளில் போட்டபடி குனியும்போது குழல்வாய் முன்னால் சாய்ந்து, முன்னே நடப்பவரின் முதுகை நேராகப் பார்க்கும். இதைச் செய்கிறவருக்கு அது தெரியாது, பின்னால் வருகிறவருக்குத்தான் தெரியும். புதிதாக வருகிறவரை ஒருநாள் பின்னால் நடக்கவிட்டு இதைக் காட்டுங்கள்.

தண்ணீரைக் கடக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வாவியில் தோணியிலோ, குருமண்வெளித் துறையில் பாதையில் (மிதவைப் படகில்) ஏறி மண்டூர்ப் பக்கமோ போகும்போது துவக்கைக் குறுக்கே மாட்டிக்கொண்டு இருக்காதீர்கள். தோணி சரிந்தால், நெஞ்சைச் சுற்றிய வாரையும் மூன்று கிலோ இரும்பையும் தண்ணீருக்குள் கழற்றுவது லேசான காரியம் இல்லை. வெறுமையாக்கி, உறையில் போட்டு, காலடியில் வையுங்கள்.

எந்தப் பொருள்?

தோல் நன்றாகப் பதியும், சத்தமில்லை, தோளில் நிற்கும். ஆனால் எங்கள் மாரியில் பூஞ்சணம் பிடிக்கும், ஊறினால் நீளும். தேங்காயெண்ணெய் தாராளமாகப் பூசினால் தோல் தொய்ந்து இழுபட்டுவிடும். தேன்மெழுகு கலந்த தோல் களிம்பை மெல்லிதாகத் தேய்ப்பது நல்லது. பருத்தி நாடா மலிவு, தோளில் நழுவாது, ஆனால் நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து உள்ளுக்குள் உக்கிப்போகும். வெளியில் பார்த்தால் தெரியாது. நைலோன் பலமானது, உக்காது, நனைந்தால் சற்று நீளும். பொலியெஸ்டர் நாடா அதைவிடக் குறைவாக நீளும் என்பதால், கடலும் வாவியும் குளமும் சூழ்ந்த எங்கள் இடத்துக்கு அதையே நான் தெரிவு செய்வேன், தோளில் படும் இடத்துக்கு மட்டும் தோலோ சொரசொரப்பான துணியோ வைத்து.

வாகனத்தின் சீட் பெல்ட்டை வெட்டி வாராக்குவதைப் பல இடத்தில் கண்டிருக்கிறேன். நாடா பலம்தான், ஆனால் இரண்டு அங்குலத்துக்குக் கிட்டிய அகலம் வளையத்துக்குள் போகாது, மேற்பரப்பும் வழுக்கும். பிளாஸ்டிக் பக்கிளை வெயில் மெல்ல மெல்ல நொறுங்க வைக்கும். பித்தளையோ துருப்பிடிக்காத உருக்கோ போடுங்கள். பளபளப்பாக நிக்கல் பூசிய இரும்பு திருக்கோவில், பொத்துவில் உப்புக்காற்றில் நெடுநாள் தாங்காது.

ஊரிலேயே பை தைப்பவரிடமோ செருப்புத் தைப்பவரிடமோ தைக்கக் கொடுப்பது கடையில் வாங்குவதற்குக் குறைந்ததில்லை. அவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லிக் கொடுங்கள். நூல் பருத்தியாக இருக்கக் கூடாது. மடித்துத் தைக்கும் இடத்தில் குறுக்கே ஒரு கோடு மட்டும் போடாமல், சதுரம் தைத்து அதற்குள் பெருக்கல் குறி போல இரண்டு கோடு ஓட வேண்டும். ஒற்றைக் கோட்டில் ஒரு தையல் அறுந்தால் மற்றவையும் பின்னால் வரும். தைத்து வந்ததும் துவக்கில் மாட்டாதீர்கள். பத்துக் கிலோ அரிசி மூடையைக் கட்டிக் கூரை வளையில் தொங்கவிட்டு, நாலுதரம் உலுக்கி, தையலை விரலால் தடவிப் பாருங்கள்.

சுடுதளத்துக்குப் போகிறவர்களுக்கு

கழகத்தில் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோர் செய்யும் வீண்செலவு ஒன்றை முதலில் தடுத்துவிடுகிறேன். 10 மீற்றர் எயார் றைபிள் போட்டியில் எல்லா வெடியும் நின்றபடிதான், நின்று சுடும்போது வார் போடச் சர்வதேச விதி அனுமதிப்பதில்லை. ஆகவே தொடக்கத்தில் உங்கள் மகளுக்கோ மகனுக்கோ வாரே தேவையில்லை. அந்தக் காசைக் கையுறைக்கும் நல்ல சப்பாத்துக்கும் வையுங்கள். விதிவிலக்கு, உடற்குறையுள்ள வீரர்களுக்கான பாரா சுடுதல். அதில் எயார் றைபிளிலும் படுத்துச் சுடும் பிரிவு உண்டு, அங்கே வார் போடலாம். போரில் காலை இழந்த எத்தனையோ பேர் வாழும் மாவட்டங்கள் இவை. இந்த வாசல் திறந்திருக்கிறது என்று ஊரில் சொல்லுங்கள்.

50 மீற்றர் மூன்று நிலைப் போட்டிக்கு வரும்போதுதான் வார் வேலைக்கு வருகிறது. முழந்தாளிட்டும் படுத்தும் சுடும்போது வார் உண்டு, நிற்கும்போது கழற்ற வேண்டும். அகலம் 40 மில்லிமீற்றருக்கு மேல் போகக் கூடாது. ஒரு முனை இடது மேற்கையில், மறு முனை றைபிளின் முன்கட்டையில் ஒரே ஒரு இடத்தில் கொளுவ வேண்டும். இடக்கைக்காரருக்கு எல்லாம் மறுபக்கம். மேற்கையைச் சுற்றும் கைப்பட்டி ஒரு பக்கத்துக்கென்றே வெட்டிய வார்களும் உண்டு, வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

படுக்கை நிலையில் பொருத்தும் வழி இது. கைப்பட்டியை இருதலைத் தசைக்கு மேலே, தோள் தசைக்குக் கீழே உள்ள இடத்தில் இறுக்குங்கள். வார் கையின் வெளிப்பக்கத்திலிருந்து புறப்படட்டும். அது புறங்கையின் மேல் தட்டையாகப் படியும்படி அரைச்சுற்றுச் சுற்றி, முன்கட்டையில் கை நழுவாமல் நிறுத்தும் தடையில் முட்டக் கையைக் கொண்டுபோங்கள். வலக்கையால் பிடங்கைத் தோளுக்குள் வையுங்கள். இப்போது இடக்கையின் விரல்களை விரித்து, தசையை முழுதாகத் தளர்த்துங்கள். முன்குறி (குழல் முனையில் உள்ள குறி) இருந்த இடத்திலேயே நின்றால் நீளம் சரி. கீழே விழுந்தால் வார் நீளம். மணிக்கட்டு வலித்து, றைபிள் தோளை உந்தினால் வார் கட்டை. முன்கை தரையோடு 30 பாகைக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது விதி. வாரை நீட்டி நீட்டித் தாழப் படுக்க விரும்புகிறவர்கள் இதில்தான் அகப்படுவார்கள்.

முன்குறி சீரான தாளத்தில் துள்ளினால் அது பயமோ நடுக்கமோ இல்லை, உங்கள் நாடித்துடிப்பு. கைப்பட்டி மேற்கையின் உட்பக்கத்து நாடியை அமுக்குகிறது. பட்டியை ஒரு விரற்கடை ஏற்றியோ இறக்கியோ, இழுவை வெளிப்பக்கத்துக்கு வரும்படி திருப்பியோ பாருங்கள். தடித்த சுடுதல் அங்கி போட்டால் இன்னும் அடங்கும். எங்கள் வெக்கைக்குள் அந்த அங்கியைப் போடுவது பெரும்பாடு, ஆனாலும் அதன் பலன் குறிப்பலகையில் தெரியும்.

வார் சரியானதும் கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டுத் திறங்கள். குறி பக்கவாட்டில் விலகியிருந்தால் கையால் தள்ளிக் கொண்டுவராதீர்கள். இடது முழங்கையை நடுவாக வைத்து, உடம்பையே சற்றுத் திருப்புங்கள். கையால் தள்ளிய குறி, விசை இழுக்கும் கணத்தில் திரும்பிப் போய்விடும். இறுக்கிய வாரோடு நெடுநேரம் கிடக்கவும் வேண்டாம். விரல் மரக்கத் தொடங்கினால் கொளுவியைக் கழற்றி, இரத்தம் ஓடவிட்டு மறுபடி மாட்டுங்கள். நீளத் துளையின் எண்ணை ஒரு கொப்பியில் குறித்து வைத்தால் அடுத்தநாள் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

இடைப்பட்ட வகைகள்

துவக்கின் முன்னும் பின்னுமாக இரண்டு இடத்தில் மாட்டிச் சுமக்கும் இருமுனை வாரையே சுடும்போது துணையாக்கும் ஒரு முறை இருக்கிறது. இடக்கையை வாருக்கும் றைபிளுக்கும் நடுவே முழங்கைக்கு மேல்வரை நுழைத்து, வெளிப்பக்கமாகச் சுற்றி வந்து முன்கட்டையைப் பிடித்தால், வார் மேற்கையின் பின்னால் இறுகும். அரைகுறைப் பிடிதான், ஆனாலும் வெறுங்கையை விட நல்லது. ஒன்றைக் கவனியுங்கள்: முன் வளையம் குழலிலேயே பொருத்தியிருந்தால், வாரின் இழுவை குழலை மிக மெல்லிதாக வளைத்து, குண்டு படும் இடத்தை மாற்றும். சொட்கனுக்கு இந்த முறை வேண்டியதே இல்லை. சுடத் தயாராகும்போது தொங்கும் வார் எதிலாவது கொளுவாமல் இருந்தால் போதும். பரணில் நிலையாக இருந்து காவல் பார்க்கிறவர் வாரைக் கழற்றியே வைத்துவிடலாம்.

ஒருமுனை வார், மும்முனை வார் என்று படங்களில் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருமுனை வாரில் துவக்கு நெஞ்சிலிருந்து தொங்கி நடக்கும்போது முழங்காலில் அடிக்கும். வாகனத்துக்குள்ளும் கட்டடத்துக்குள்ளும் வேலை செய்யும் படையினருக்காக வந்தது அது. மும்முனை வார் மழைக்கோட்டோடு சிக்கினால் இருட்டில் அவிழ்க்க முடியாது. காவல் நிறுவனத்தில் பம்ப் சொட்கனோடு நிற்கிற தம்பிமாருக்கு, ஒரு இழுப்பில் நீட்டவும் இறுக்கவும் கூடிய இருமுனை வார் போதும். நெஞ்சுக்குக் குறுக்கே இறுக்கி வைத்தால் கூட்டத்தில் யாரும் பறிக்க இழுத்தாலும் கையை விட்டுப் போகாது.

வீட்டுக்கு வந்த பிறகு வாரைத் துவக்கிலிருந்து கழற்றுங்கள். ஈரத் தோல் குழலில் ஒட்டிக் கிடந்தால் அந்தத் தடம் விழுந்த இடத்தில் ஒரே இரவில் துரு பூக்கும். வாரை நிழலில், காற்றுப் படும் இடத்தில் தொங்கவிடுங்கள். அடுப்புக்கு மேலும் வேண்டாம், நேர் வெயிலும் வேண்டாம். குழலைத் துடைத்து எண்ணெய் பூசி, துவக்கை ஓரிடத்திலும் தோட்டாவை வேறோரிடத்திலும் வைத்துப் பூட்டுங்கள். மறுபடி மாட்டும்போது திருகாணி, வளையம், தையல் மூன்றையும் கையால் இழுத்துப் பார்த்துவிட்டே படி இறங்குங்கள்.